அனுப்ப எனக்கொரு படகு தாருங்கள்

அழைப்பு வந்தது. பதில் சொல்லப்பட்டது. விபரம் பதியப்பட்டது. வாகனம் அனுப்பப்பட்டது. இந்த நாலு வரியோடு உங்கள் கணக்கு முடிந்துவிடுகிறது. நெடுந்தீவில் ஒரு தாய், மூச்சுத் திணறுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டுக்குள் கடலைப் பார்த்தபடி இருக்கிற நேரம் அந்தக் கணக்கில் எந்த வரியில் வருகிறது? வாகனம் அனுப்பப்பட்டது என்று பதிந்தது என் கை. அது குறிகட்டுவான் இறங்குதுறையில் வந்து நின்றதும் எனக்குத் தெரியும். வாகனத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் பத்துக் கிலோமீற்றர் அளவு கடல் கிடப்பதும் தெரியும். அந்தக் கடலை எழுத என் திரையில் இடமில்லை. எழுதப்படாத கடலைக் கடக்க ஒருவரும் படகு விடப்போவதும் இல்லை.

அவசர அழைப்பை எடுப்பதும், கேட்பதும், ஆளையும் வாகனத்தையும் அனுப்புவதும் என் தொழில். நான் நெடுந்தீவில் பிறந்தவள். எந்த அலுவலகத்தில் இருக்கிறேன் என்று எழுதமாட்டேன். வேலைக்குரிய விதிகள் வாயைக் கட்டுகின்றன. அதைவிடப் பெரிய காரணம், நான் சொல்ல வந்தது ஒரு அலுவலகத்தின் குறை அல்ல. பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990, தீயணைப்புக்கு 110, அனர்த்தத்துக்கு 117 என்று எந்த இலக்கத்தை அழுத்தினாலும் எங்கள் சனம் கடைசியில் போய் நிற்கிற இடம் ஒன்றுதான். அது கடற்கரை.

தெற்கில் இருந்து வரைபடம் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு ஒருமுறை சொல்கிறேன். மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு எல்லாம் தாம்போதிகளால் யாழ்ப்பாணத்தோடு பொருந்தியவை. அங்கே வாகனம் போகும். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் மிதவைப் பாதை ஓடுகிறது. நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு, நெடுந்தீவு ஆகிய நாலுக்கும் கடல் ஒன்றே வழி. நயினாதீவுக்குக் குறிகட்டுவானில் இருந்து கால் மணித்தியாலம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம், அதுவும் கடல் சம்மதித்தால். சோளகம் எழும்பினால் மாவிலித்துறையில் இருந்து புறப்படுகிற படகுக்கு ஒவ்வொரு அலையும் ஒரு மதில். குறிகட்டுவானில் கால் வைத்த பிறகும் பயணம் முடியாது. புங்குடுதீவைக் கடந்து, வாணர் தாம்போதியைக் கடந்து, வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணை என்று முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடித்தான் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வாசலைக் காணலாம். நெடுந்தீவில் வைத்தியசாலை இருக்கிறது. அங்கே இருக்கிற வைத்தியர்களும் தாதியரும் தங்களிடம் உள்ளதைக் கொண்டு உயிரைப் பிடித்து வைக்கிறார்கள். ஆனால் தலையில் அடிபட்டவனுக்கு மூளைச் சத்திரசிகிச்சை அங்கே இல்லை. குழந்தை குறுக்கே கிடக்கிற தாய்க்கு அங்கே வழி இல்லை. மேலே அனுப்பவேண்டும் என்று வைத்தியர் கையெழுத்து வைத்த கணத்தில் இருந்து அந்த உயிர் காற்றின் தயவில் இருக்கிறது.

எங்கள் தொழிலில் முதல் கேள்வி, என்ன நடந்தது என்பது அல்ல. எங்கே என்பதுதான். அழைப்பு இடையில் அறுந்தாலும் இடம் தெரிந்தால் ஆளை அனுப்பலாம். நகரத்தில் வீதிப் பெயரும் வீட்டு இலக்கமும் வரும். தீவில் இருந்து வருகிற பதில் வேறு. "பெருக்கு மரத்துக்கு இஞ்சால, கல்வேலி ஒழுங்கையால உள்ளுக்கு வாங்கோ பிள்ளை." "கோயிலடியில இருந்து கிழக்கால, பூவரசு நிக்கிற வளவு." அந்த இடத்தைத் தேடினால் திரையில் நீல நிறம் மட்டும் தெரியும். அந்த ஒழுங்கைகளில் நடந்து வளர்ந்ததால் எனக்குப் புரிகிறது. நான் கடமையில் இல்லாத இரவில் அந்த அழைப்பு யார் கையில் விழும்? நெடுந்தீவு எந்த மாவட்டம் என்று கேட்கிற ஒருவரிடம் விழுந்தால், பெருக்கு மரம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்துவதிலேயே ஒரு உயிரின் பாதி நேரம் போய்விடும். அந்த அழைப்பை எடுத்த பிள்ளையின் பிழையும் அது அல்ல. தீவைக் காட்டாமலே ஒருவரைத் தீவுக்குப் பொறுப்பாக உட்கார வைத்தவர்களின் பிழை.

பிறகு மொழி. நெஞ்சு பதறுகிற நேரத்தில் மனுசருக்கு வருவது தாய் பேசிய மொழி மட்டும்தான். அந்த நேரத்தில் ஒரு கிழவி மறுமுனையில் சிங்களத்தைக் கேட்டு, தான் பிழையான இடத்துக்கு எடுத்துவிட்டதாக நினைத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தால் அந்த மன்னிப்பை யார் யாரிடம் கேட்கவேண்டும்? 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. மறு ஆண்டு 16 ஆவது திருத்தம், தமிழில் அரசாங்கத்தோடு தொடர்பு கொள்ளவும் பதில் பெறவும் எங்களுக்கு உள்ள உரிமையை எழுத்தில் உறுதி செய்தது. சட்டம் எழுதி எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்துவிட்டார்கள். 119 க்கு எடுக்கிற தீவான் இன்றைக்கும் முதலில் கேட்பது தமிழாக இருக்குமா என்று நெஞ்சு அடித்தபடிதான் காத்திருக்கிறான். வடக்கில் தமிழில் முறைப்பாடு சொல்ல 107 என்ற இலக்கத்தைப் பொலிஸார் பின்னர் கொண்டுவந்தார்கள். வரவேற்கிறேன். ஆனால் வீட்டுக்குள் கத்தியோடு ஆள் நிற்கிற நேரத்தில் எந்த இலக்கத்துக்கு எந்த மொழி என்று யோசிக்க எவருக்கு அவகாசம் இருக்கிறது? நாடெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற இலக்கத்தில் தமிழ் கேட்கவேண்டும். முதல் மணியிலேயே கேட்கவேண்டும்.

என் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு பெண்பிள்ளையின் குரல் வருகிறது. "அக்கா, அப்பா விழுந்திட்டார், கண் மேல போகுது, மூச்சு விடுறாரில்லை." நான் சொல்கிறேன்: "அப்பாவைத் தரையில நேரா கிடத்துங்கோ அம்மா. ரெண்டு கையையும் நெஞ்சு நடுவில வையுங்கோ. நான் எண்ணுறன், அமத்துங்கோ." அவள் அமத்துகிறாள். நான் எண்ணுகிறேன். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவி கிடைக்காமல் போகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் குறைகிறது என்று உலகெங்கும் எங்கள் தொழிலில் சொல்லித் தருகிறார்கள். நகரத்தில் இந்தக் கணக்கு நம்பிக்கை தருகிறது. சில நிமிடம் பிடித்து வைத்தால் வாசலில் அம்புலன்ஸ் சத்தம் கேட்கும். தீவில் இருந்து எடுக்கிற பிள்ளைக்கு நான் எவ்வளவு நேரம் எண்ணுவது? உள்ளூர் வைத்தியசாலைக்கு ஏற்ற ஒரு ஓட்டோ கிடைக்கும்வரை எண்ணலாம். அங்கிருந்து படகு வரும்வரை எண்ணலாமா? படகு கடலைக் கடக்கும்வரை எண்ணலாமா? கை சோர்ந்து, "அக்கா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று அவள் கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு எனக்கு யாரும் பதில் சொல்லித் தந்ததில்லை. பதில் வைத்திருப்பவர்கள் அந்த அழைப்பைக் கேட்பதில்லை.

1990 சுவசெரிய வந்ததை நான் குறைத்துப் பேசமாட்டேன். இந்திய அரசின் நன்கொடையோடு 2016 இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 88 வாகனங்களோடு தொடங்கிய சேவை அது. 2018 ஜூலை 21 அன்று யாழ்ப்பாணத்தில் விழா வைத்து வடக்குக்கு விரித்தார்கள். காசு கேட்காமல் அம்புலன்ஸ் வாசலுக்கு வரும் என்பது இந்த நாட்டின் ஏழைச் சனம் கனவிலும் காணாதது. வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் அதனால் தப்பிய உயிர்களை நான் அறிவேன். அந்த வாகனத்தில் ஓடுகிறவர்களும் என்னைப் போல முறை வேலை செய்து தேய்கிறவர்கள்தான். ஆனால் அம்புலன்ஸுக்கு நாலு சில்லுத்தான் இருக்கிறது. அது குறிகட்டுவானில் நின்று, விளக்கைச் சுழற்றியபடி, கடலைப் பார்த்துக் காத்திருக்கிறது. சேவை நாடு முழுவதற்கும் வந்துவிட்டது என்று சொல்கிற வாக்கியத்துக்கு வெளியே நாலு தீவு கிடக்கிறது. அந்தத் தீவுகளில் இருப்பவர்களும் இந்த நாட்டின் சனம் என்பதை அந்த வாக்கியத்தை எழுதியவர்கள் மறந்தார்கள்.

படகே இல்லை என்று நான் சொல்லவில்லை. பகலில் குமுதினி ஓடுகிறது. வடதாரகை இருக்கிறது. 2017 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியில் நெடுந்தாரகை வந்தது. இவை நேரம் வைத்து, சனம் ஏற்றி ஓடுகிற படகுகள். வருத்தம் நேரம் பார்த்து வருவதில்லை. இரவில் படகு யார் யாரிடமோ இருக்கிறது. கடற்படையிடம் இருக்கிறது. சுகாதாரத் திணைக்களம் ஒன்று வைத்திருந்தாலும் அதை ஓட்டுபவர் நித்திரை கொள்ளலாம், எண்ணெய் தீர்ந்திருக்கலாம், இயந்திரம் திருத்தத்தில் கிடக்கலாம். மீனவரிடம் வள்ளம் இருக்கிறது, அவர் தொழிலுக்குப் போயிருக்கலாம். என் மேசையில் இருந்து ஒரு சொல்லில் எழுப்பி அனுப்பக்கூடிய படகு மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு வாகனத்தை அனுப்ப எனக்கு ஒரு பொத்தான் போதும். ஒரு படகை எழுப்ப, கெஞ்சவேண்டும். ஒருவர் இன்னொருவரைக் கேட்கவேண்டும், அவர் மேலிடத்தைக் கேட்கவேண்டும், மேலிடம் கடல் நிலையைக் கேட்கவேண்டும். இத்தனை கேள்விக்கும் நடுவில் புடையன் கடித்தவனின் இரத்தத்தில் நஞ்சு ஏறிக்கொண்டிருக்கிறது. நஞ்சு ஒருவரையும் கேட்பதில்லை.

இரவில் கடைசியாக வருவது பெரும்பாலும் கடற்படைப் படகுதான். அந்தச் சிப்பாய்கள் மழைக்குள் நோயாளியைத் தூக்கி ஏற்றுகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பத்திரமாகக் கரை சேர்த்திருக்கிறார்கள். அவர்களுடைய கைகளுக்கு நான் நன்றி சொல்கிறேன். ஆனால் என்னைப் பெற்றவர்களின் தலைமுறைக்கு அந்தப் படகில் ஏறுவது எப்படி இருக்கும் என்று யாராவது ஒருநாள் யோசித்தீர்களா? 1985 மே 15 காலையில் நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினியை நடுக்கடலில் மறித்தார்கள். ஏறியவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். பயணிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வெட்டினார்கள். கைக்குழந்தையையும் விடவில்லை. அம்னெஸ்டி இன்டர்நெஷனல் குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டதாகப் பதிந்தது. ஊர் 36 பேர் என்று வருடாவருடம் விளக்கேற்றுகிறது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியிலும் வேலணைத் தீவின் வேறு இடங்களிலும் 13 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரே வீட்டுக்குள் சுடப்பட்டவர்களில் நாலு மாதக் குழந்தையும் இருந்தது. கடற்படை மீது குற்றம் சாட்டப்பட்டது. அதற்கும் நீதி வரவில்லை.

அவசர இலக்கம் என்பது நம்பிக்கையில் நிற்கிறது. ஆபத்து என்றால் சீருடை போட்டவர் வருவார், வந்தவர் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கடலுக்குள் வைத்து வெட்டினீர்கள். வெட்டியவர்களைத் தண்டிக்கவில்லை. பிறகு தீவுச் சனம் ஏன் பொலிஸுக்கு அழைக்கத் தயங்குகிறது என்று கூட்டம் வைத்து ஆராய்கிறீர்கள். கொலையுண்டவர்களின் பிள்ளைகள் இன்று தங்கள் கிழட்டுத் தாயை ஏற்ற, அதே கடலில், அதே படையின் படகுக்குக் காத்திருக்கிறார்கள். வேறு படகு கொடுக்காமல் அவர்களை அந்த நிலையில் நிறுத்தியது யார்? நோயாளியைத் தூக்குகிற இளம் சிப்பாயிடம் நான் இதைக் கேட்கவில்லை. அவன் பிறக்க முன்னம் நடந்தது அது. அந்தச் சுமையை அவன் தோளிலும் எங்கள் தோளிலும் ஏற்றிவிட்டு அமைதியாக இருக்கிறவர்களிடம் கேட்கிறேன்.

பொலிஸ் பக்கத்தையும் சொல்கிறேன். 2015 மே 13 இல் புங்குடுதீவில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட மாணவி ஒருவர் வீடு திரும்பவில்லை. தேடிப் போன குடும்பத்தின் பதற்றத்தைப் பொலிஸார் அவசரமாக எடுக்கவில்லை என்பதும் அன்று வடக்கு முழுவதும் சனம் வீதிக்கு இறங்கியதற்கு ஒரு காரணம். காணாமற்போன மறுநாள் அவருடைய உடல் கிடைத்தது. 2017 செப்டெம்பர் 27 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. முக்கிய சந்தேக நபர் தப்பிக்க உதவினார் என்ற குற்றச்சாட்டில் மூத்த பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரே கைதானார். நான் அழைப்பு மேசையில் இருக்கிறவள். காணாமற்போன பிள்ளைக்காக ஒருவர் பேசுகிற முதல் நிமிடம் எவ்வளவு பெறுமதியானது என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலைச் சந்தேகத்தோடு கேட்கலாமா, நம்பிக் கேட்கலாமா என்பதில் ஒரு உயிர் தொங்குகிறது. வயதுப் பெண்பிள்ளையைக் காணவில்லை என்று தாய் சொன்னால், யாரோடோ போயிருப்பாள் என்று நினைக்கிற மனம் எங்கள் தொழிலில் இருக்கவே கூடாது. அந்த மனத்தோடு ஒருவர் அழைப்பை எடுத்தால், அவர் எடுக்காமல் விட்டதாகவே கணக்கு.

2023 ஏப்ரல் 22 காலை நெடுந்தீவில், கடற்படை முகாமுக்குக் கிட்டவுள்ள ஒரு வீட்டில் ஐந்து முதியவர்கள் வெட்டுக் காயங்களோடு இறந்து கிடந்தார்கள். உயிர் மிஞ்சியிருந்த, நூறு வயதை எட்டிய மூதாட்டியும் சில நாளில் இறந்துபோனார். ஆறு முதியவர்கள். சந்தேக நபர் புங்குடுதீவில் பிடிபட்டார், செய்தி முடிந்தது. செய்தி முடிந்த இடத்தில் என் பயம் தொடங்குகிறது. இன்றைய தீவுகளில் அப்படி எத்தனை வீடு? பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் சுவிசிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். கிழவனும் கிழவியும் கல்வேலி வளவுக்குள் தனித்து இருக்கிறார்கள். கத்தினால் கேட்க அயல் இல்லை. கைத்தொலைபேசியில் சிக்னல் காற்றோடு வந்து காற்றோடு போகிறது. அந்தக் கிழவி எந்த இலக்கத்தை அழுத்தவேண்டும், எந்த மொழியில் பேசவேண்டும், யார் வருவார், எதில் வருவார் என்று இந்த நாட்டில் ஒருவராவது உட்கார்ந்து யோசித்தாரா?

இத்தனைக்கும் நடுவில் ஏச்சு வாங்குகிறவர்கள் நாங்கள். "உங்களுக்கென்ன, கதிரையில இருந்துகொண்டு கதைக்கிறீங்கள்" என்று மறுமுனையில் ஒரு மகன் கத்துகிறான். அவனுடைய ஆத்திரம் நியாயமானது. அது வந்து விழுகிற காதுதான் பிழை. அழைப்பு அறுந்ததும் அடுத்த அழைப்பு வருகிறது. முன்னையவருக்கு என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியவராது. பிள்ளை பிறந்ததா, தாய் பிழைத்தாளா, படகு வந்ததா என்று சொல்ல ஒருவரும் திரும்ப எடுப்பதில்லை. மறுநாள் பத்திரிகையின் மரண அறிவித்தலில் ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான் சில முடிவுகளை அறிகிறோம். மனதைத் தேற்ற ஒருவரிடம் அனுப்புவதும் இல்லை. தொலைபேசி எடுக்கிற பிள்ளை என்றுதான் எங்களைப் பார்க்கிறார்கள். அமெரிக்காவிலும் மத்திய அரசின் தொழில் பட்டியல் இந்த வேலையைப் பல காலம் எழுதுவினைஞர் வேலையோடு சேர்த்தே வைத்திருந்தது. அங்கே தொழிலாளர் போராடினார்கள். டெக்சாஸ் மாநிலம் 2019 இல் அவசர அழைப்பு எடுப்பவர்களையும் முதல் உதவிக்கு வருகிறவர்களின் வரிசையில் சேர்த்துச் சட்டம் செய்தது. ஒரு சாவைக் காதால் கேட்டுக்கொண்டு அடுத்த அழைப்புக்கு வணக்கம் சொல்கிறவர் எழுதுவினைஞர் அல்ல என்பதை அங்கே ஒத்துக்கொள்ள வைத்தார்கள். எங்கள் நாட்டில் அந்தப் பேச்சே தொடங்கவில்லை.

சனம் குறைவு, செலவு கூட என்று சொல்வீர்கள். உங்கள் வாயில் இருந்து வரப்போகிற பதிலை நான் முன்கூட்டியே அறிவேன். நெடுந்தீவில் இருப்பது நாலாயிரம் பேர் அளவுதான் என்பீர்கள். ஏன் குறைந்தார்கள்? யுத்தம் ஒரு பங்கைத் துரத்தியது. மிஞ்சியவர்களைத் துரத்துவது இந்தக் கடல் இரவு. பிள்ளைத்தாய்ச்சிகள் நாள் நெருங்க முன்னமே யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் போய் இருக்கிறார்கள். இருதய வருத்தக்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பட்டினத்தில் அறை எடுக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளோடு இருக்கிற குடும்பம், ஒரு இரவுக் காய்ச்சல் பட்ட பாட்டோடு மறு மாதமே இடம் மாறுகிறது. படகு இல்லாததால் சனம் போகிறது. சனம் போவதால் படகு இல்லை என்கிறீர்கள். இந்த வட்டத்தைப் போட்டது நீங்கள். அதற்குள் மூச்சடைத்து நிற்பது நாங்கள். நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கும் நாகவிகாரைக்கும் ஆயிரமாயிரமாகச் சனம் கடல் கடக்கிறது. அந்த நாட்களில் படகும் இருக்கிறது, காவலும் இருக்கிறது, ஒழுங்கும் இருக்கிறது. யாத்திரை வருகிறவருக்கு முடிகிற ஒழுங்கு, வருடம் முழுக்க அங்கே வாழ்கிறவருக்கு மட்டும் ஏன் முடியாமல் போகிறது?

உலகத்தில் ஒருவரும் செய்யாததை நாங்கள் கேட்கவில்லை. கேரள அரசு 2020 இல் மீனவருக்காகப் பிரதீக்ஷா என்ற கடல் அம்புலன்ஸை இறக்கியது. பிரத்யாசா, காருண்யா என்று அதோடு இன்னும் இரண்டு. வெனிஸ் நகரத்தில் நோயாளியை ஏற்ற வாய்க்காலில் அம்புலன்ஸ் படகு வருவது அன்றாடம். இலண்டனில் 1935 நவம்பரில் விம்போல் வீதி வீடொன்று எரிந்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். தீயைக் கண்ட அயலவர் ஒருவர் தொலைபேசி எடுத்தும் அவருடைய அழைப்பு வரிசையில் காத்துக் கிடந்தது. அவர் ஆத்திரத்தோடு டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விசாரணை வந்தது. 1937 ஜூன் 30 அன்று 999 என்ற இலக்கம் பிறந்தது. உலகத்தின் முதல் அவசர இலக்கம் ஒருவரின் குமுறலில் இருந்துதான் வந்தது. ஐந்து பேர் எரிந்ததற்கு அங்கே இரண்டு வருடத்துக்குள் பதில் கிடைத்தது. எங்களுடைய சாவுகளுக்கு எத்தனை கடிதம் வேண்டும் என்று சொல்லுங்கள், எழுதுகிறோம்.

கேட்பதை வரிசையாகக் கேட்கிறேன். நெடுந்தீவு மாவிலித்துறையிலும் குறிகட்டுவானிலும் இரவு பகல் எந்நேரமும் ஓட்டத் தயாராக, சம்பளம் வாங்கும் ஓட்டியோடு, எண்ணெய் நிரப்பிய அம்புலன்ஸ் படகு நிற்கவேண்டும். சோளகத்திலும் வாடையிலும் ஓடக்கூடிய படகாக அது இருக்கவேண்டும். கடற்படையின் படகு துணையாக இருக்கட்டும், ஒரே வழியாக இருக்கவேண்டாம். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். மீனவரின் வள்ளத்தை அவசரத்துக்கு எடுத்தால் அன்றே எண்ணெய்ச் செலவும் கூலியும் கொடுக்கவேண்டும். உதவி செய்ததற்காக அவர் வீட்டு அடுப்பு அணையக்கூடாது. அந்தப் படகுகளை அனுப்புகிற அதிகாரம் அழைப்பு எடுக்கிற மேசைக்கு வரவேண்டும். தீவகத்துக்கான மேசை யாழ்ப்பாணத்தில் இருக்கவேண்டும். ஒழுங்கைகளையும் துறைகளையும் காற்றையும் அறிந்த, தமிழ் பேசுகிற பிள்ளைகளை அதில் இருத்தவேண்டும். தீவுகளில் படித்து வேலையில்லாமல் இருக்கிற எத்தனையோ பேர் அந்த வேலைக்கு வருவார்கள். 119 ஐ எந்த மூலையில் இருந்து எடுத்தாலும் தமிழ் கேட்கவேண்டும். அழைப்பு வந்த நிமிடத்தில் இருந்து நோயாளி வைத்தியசாலை வாசலைத் தொடும் நிமிடம் வரை நேரத்தைக் கணக்கெடுக்கவேண்டும். இறங்குதுறையோடு கணக்கை மூடக்கூடாது. அந்தக் கணக்கை மாதாமாதம் பிரதேச செயலகத்தின் சுவரில் எல்லாரும் பார்க்க ஒட்டவேண்டும். அழைப்பு எடுக்கிறவர்களுக்கு மனநல உதவியும், உயிர்காக்கும் தொழிலாளர் என்ற சட்ட இடமும் தரவேண்டும்.

இதில் எதுவும் சலுகை அல்ல. வரி கட்டுகிறோம், வாக்குப் போடுகிறோம், இந்த நாட்டின் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம். தரையில் வாழ்கிறவனின் உயிருக்கு அரசு பொறுப்பென்றால் கடலால் சூழப்பட்டவனின் உயிருக்கும் அதுவே பொறுப்பு. தேர்தல் காலத்தில் ஓட்டுப் பெட்டியைக் கொண்டுவர நெடுந்தீவுக்குப் படகும் பாதுகாப்பும் தவறாமல் வருகின்றன. பெட்டிக்கு வருகிற படகு உயிருக்கும் வரவேண்டும்.

இன்றிரவும் கடமைக்குப் போகிறேன். அழைப்பு வரும். நான் எடுப்பேன், இடம் கேட்பேன், நெஞ்சை அமத்தச் சொல்லி எண்ணுவேன், வாகனத்தைக் குறிகட்டுவானுக்கு அனுப்புவேன். என்னால் முடிந்த கடைசி எல்லை அது. அதற்கு அப்பால் உள்ள கடல் உங்களுடைய பொறுப்பு. அந்தக் கடலில் போகிற ஒவ்வொரு உயிருக்கும் இனிமேல் பதில் சொல்லவேண்டியவர், தொலைபேசி எடுத்த நான் அல்ல, படகு தராத நீங்கள்.